சைலன்சர்

வெள்ளிக்கிழமை. சோஹார்.
ஷெட்டுத் தகரத்தில் நாற்பத்தாறு டிகிரி.
பழைய பஜேரோவுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.

இரண்டரை இஞ்ச் ஸ்டீல் பைப்பை
ஆரஞ்சுச் சுளையாய் அரிந்து, சாய்த்து
ஒட்டினால் ஒரு வளைவு.
ஒன்பது சுளை. ஏழாவது பிசகிவிட்டது,
மறுபடி அறுத்தேன்.
கிரைண்டர் மூலையில் சும்மா கிடக்க
மூன்று ஹாக்ஸா பிளேடு காலி.

பக்கத்து வீட்டு முராத் குனிந்து பார்த்தான்:
"சத்தம் சிங்கம் மாதிரி வருமா, ரபீக்?"
மாடி ஜன்னலைக் காட்டினேன்.
நைட் டியூட்டி முடித்து
எஸ்கலின் தூங்குகிறாள்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

ஆர்கான் சீறி அடங்கியது.
ஆறியபின் தையலில் பொன், கொஞ்சம் ஊதா.

நான்கரைக்கு டீயோடு வந்தாள்.
கிளாஸை பானெட்மேல் வைத்துவிட்டு
"எப்பதான் ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்றாள்.

கிளாஸில் டீ
வட்டம் வட்டமாய் நடுங்கிக்கொண்டிருந்தது.