நாற்பது ஓம்

செக்காலை ரோட்டில், பாத்திரக்கடைக்கு மேல்மாடி.
வாடகைக்கு இரண்டு அறை, ஒரு ஏசி.
அதுவும் பேட்டரி செல்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை.
ஒரு செல்லின் உடம்பில் எட்டுக் காதுகள் ஒட்டியிருக்கிறோம்.
ஒரு பக்கம் தட்டினால்
மறுபக்கம் வந்து சேரும் ஒலியில்
உள்ளே எங்கே உப்பியிருக்கிறது என்று தெரியும்.
காது எட்டு. கேட்கும் கருவி ஒன்று.
நடுவில் ஒரு சுவிட்ச் வேண்டும்.
விரலால் அழுத்துகிற சுவிட்ச் அல்ல,
அரிசிமணி அளவுச் சிலிக்கன்.

முதல் போர்டில் இரண்டு ஓம் சிப்பைப் போட்டேன்.
இரண்டே ஓம்! வெறும் கம்பிதான் என்று
இருதயராஜிடம் பீற்றிக்கொண்டேன்.
பத்து மெகாஹெர்ட்ஸ் அலையை விட்டதும்
எதிரொலியின் முனையெல்லாம் மழுங்கி
வெயிலில் வைத்த மெழுகாகத் திரையில் வந்தது.
அதைவிட மோசம்,
மூடிவைத்த மூன்றாம் வழியின் சத்தம்
ஐந்தாம் வழியில் கேட்டது.

தடையைக் குறைக்க டிரான்சிஸ்டரை அகலமாக்குவார்கள்.
அகலம் கூடினால் கொள்ளளவும் கூடும்.
வேகமான அலை அந்தப் பிகோஃபாரட்களை
நிரப்பிக் கவிழ்த்து நிரப்பிக் கவிழ்த்தே
களைத்துப்போகும்.
கடியாபட்டியில் எங்கள் முகப்புக் கதவை
இரண்டு ஆள் தள்ள வேண்டும்.
பால் வாங்க நான் போவது
பின்கட்டு வழியாகத்தான்.

சரி, தடை கொஞ்சம் கூடட்டும்.
இருதயராஜ் டிராயரைக் கிண்டி
பழைய முரட்டு சிப் ஒன்றை எடுத்தார்.
டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் எண்பது ஓம்.
மேலே பதினைந்து வோல்ட், கீழே பதினைந்து கொடுத்தால்.
எங்களால் முடிந்தது ஐந்து.
ஏழாம் பக்கத்துக் குட்டி அட்டவணையில்
ஐந்துக்கு என்ன என்று போட்டிருந்தது:
இருநூற்று நாற்பது.
"மாப்பிள்ளை சம்பளம், மலேசியாவுல இருந்தப்பச் சொன்னது" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு புள்ளி மூணு வோல்ட்லயே முடிச்சிரலாமே, உமையாள்?"
முடிக்கலாம்.
ஆனால் அலைக்குப் பூஜ்யத்துக்குக் கீழேயும் ஒரு பாதி உண்டு.
சப்ளைக்கு அடியில் அது இறங்கினால்
சிப்புக்குள் தூங்கும் டயோடு விழித்துக்கொண்டு
கிரவுண்டுக்கு இழுத்துவிடும்.
பிறகு அலை,
கண்மாயில் நிற்கிற ஆள்மாதிரி,
இடுப்புக்கு மேல்தான் தெரியும்.

"கெப்பாசிட்டர் வச்சு மேல தூக்கு."
தூக்கினோம். ஒரு மத்தியானம் முழுக்க.
தட்டுகிற துடிப்பு பெரிது,
அது அடித்த அடியில் கெப்பாசிட்டர்
தன் இடத்துக்குத் திரும்ப நேரமாயிற்று.
அதற்குள் முதல் எதிரொலி வந்து
ஆளில்லை என்று போய்விட்டது.
எனக்கு வேண்டியதே அந்த முதல் எதிரொலி.

ராத்திரி பதினொன்றுக்குக் கிடைத்தது:
நாற்பது ஓம், ஒன்பது பிகோஃபாரட்,
மூன்று டெசிபல் சரிய முந்நூறு மெகாஹெர்ட்ஸ்,
மேலே ஐந்து, கீழே ஐந்து.
"பத்துக்கு முந்நூறு எதுக்கு?"
"எட்டு வழியும் ஒரே முனையில வந்து சேருதே.
திறந்தது ஒண்ணுன்னாலும்
மூடினது ஏழும் அதே முனையிலதான் தொங்கும்."
விலை நான்கு மடங்கு.
கீழ் ஐந்தைத் தயாரிக்க இன்னொரு சிப்,
அதன் முணுமுணுப்பை அடக்க இன்னும் இரண்டு கெப்பாசிட்டர்.
அவர் கால்குலேட்டரைத் தட்டினார், அழித்தார், தட்டினார்.

இருதயராஜின் அம்மா மன்னாரிலிருந்து வந்தவர்.
அவரிடம் ஒட்டியிருக்கிற மன்னார் ஒரே ஒரு சொல்,
அதுவும் அரைத் தூக்கத்தில்தான் வெளியே வரும்.
"நாற்பது ஓம். வாங்கட்டுமா?"
"ஓம்."

கூரியர் வர பதினொரு நாள்.
அதுவரை எட்டுக் காதுகளையும்
கையால் பிடுங்கிக் கையால் சொருகுகிறேன்.
சொருகிவிட்டு விரலை எடுத்தால்
திரையில் அலை ஒரு கோடு நகர்கிறது.
என்னையும் அளந்துகொண்டிருந்திருக்கிறது.