நாலாவது கேள்வி

தலைக்குள் இரும்பு உண்டா?
ஓம் / இல்லை.
பிறிசில்லா மிஸ் பேனையை நீட்டியபடி
சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றா.
இந்த ஊரில் அதை
முகம் பார்த்துக் கேட்க ஏலாது.

இல்லை என்று கீறினேன்.
இடது தோளில் ஒன்று கிடக்கிறது,
மழைக்கு முந்திக் கடுக்கும்.
தொட்டுக் காட்டினேன்.
"தோள் பரவாயில்லை. கழுத்துக்கு மேலைதான் கணக்கு."

கணக்கு எனக்குத் தெரியும்.
கூட்டுறவுச் சங்கத்தில் பதினாறு வருசம்
பற்றுச்சீட்டு எழுதுகிறவள்.
ஆவணியில் ஒருநாள் அரிசி மூடை எண்ணி
ஏழில் நின்றுவிட்டேன்.
எட்டு மறந்துபோகவில்லை.
எட்டுக்குப் போக
ஒரு காரணமும் இருக்கவில்லை.

லீவுப் படிவத்தில் பல்லுவலி என்று எழுதினேன்.
கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை,
வேலணையிலிருந்து பண்ணைப் பாலத்தால்.
படிவங்களின்படி
என் வாயில் இப்போது ஒரு பல்லும் இருக்கக்கூடாது.

முதல் நாள் தோடு, கொண்டையூசி எல்லாம் கழற்றி
ஒரு கிண்ணத்தில் போட்டேன்.
எட்டுப் போல வளைத்த சுருள் ஒன்றை
உச்சியில் அங்கும் இங்கும் வைத்துத் தட்ட
வலது கட்டைவிரல்
என்னைக் கேளாமல் எழும்பி விழுந்தது.
நான் சிரித்தேனாம். மிஸ் சொன்னா.
எனக்கு நினைவிருப்பது பொறாமை:
எழும்புறது
ஒரு விரலுக்கு இவ்வளவு லேசா?

பிறகு மூன்று விரற்கடை முன்னுக்கு நகர்த்தி
மரங்கொத்தியை அவிழ்த்துவிட்டா.
கடைவாய்ப் பல்லுகள் கிடுகிடுத்தன.
பொய்யிலும் கொஞ்சம் உண்மை சேர்ந்தது.

அக்காவையும் கூட்டிவர நினைத்தேன்.
சுபோதினி.
என்னைவிட நாலு வருசம் முந்தியே
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்.
அவளுக்கு வலது காதுக்குப் பின்னால்
ஒரு குறுணியளவு.
எடுத்தால் ஆபத்து, விட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும்
என்று சொன்ன டொக்டர் கனடாவில்.
நாலாவது கேள்வியோடு அவளின் பேப்பர் நின்றுவிடும்.

அவளுக்கும் பல்லுவலி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
விடிய ஐந்தரைக்கு எழும்பி
பேப்பர்த் துண்டில் கராம்பு சுற்றித் தருகிறாள்.
அதற்கு மட்டும் எழும்புகிறாள்.

பதினெட்டு நாள் ஒன்றுமில்லை.
பத்தொன்பதாம் நாள்
மினிபஸ் கொண்டக்டர் மிச்சம் இருபது ரூபா தரவில்லை.
பாலத்தின் நடுவில்,
களங்கட்டித் தடியில் கொக்கு நிற்கிற இடத்தில்,
எனக்குக் கோபம் வந்தது.
எவ்வளவு காலம்!
"மிச்சத்தைத் தாரும்" என்ற குரல்
பின்சீற்றில் நித்திரையாயிருந்தவரை எழுப்பியது.
மிஸ்ஸிடம் சொன்னேன்.
இருபது ரூபா என்று பைலில் எழுதினா.

இன்னும் பதினொரு நாள்.
சுகம் என்று சொல்லமாட்டேன்.
நேற்றும் சோற்றுக்கு முன்னால்
ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

இன்றைக்குப் பேப்பர்த் துண்டில்
இரண்டு கராம்பு.
ஒன்றைக் கடித்துக்கொண்டு தலையைக் கொடுத்திருக்கிறேன்,
நாக்கு விறைக்கிறது.
மற்றது யாருக்கு என்று
பின்னேரம் போய்க் கேட்க வேணும்.