சுமைக்கட்டணம்

மூட்டை ஒன்றுக்கு மூன்று ரூபாய்.
கோழிக்கூடைக்கும் அதேதான், சைக்கிளுக்கு ஐந்து.
கம்பெனி விதிகளை மடித்துத்
தொப்பிக்குள் வைத்திருந்த காலம்.

ஆகஸ்ட் ஞாயிறு. மாஹேபூரிலிருந்து கியூர்பிப்.
ரோஸ்பெல் தாண்டியதும், பாதி வெட்டிய கரும்புக்காட்டோரம்
பதினேழு பேர் கை நீட்டினார்கள்.
எல்லோரும் சிவப்புச் சட்டை.
பிரகாசென் தோளில் ஒரு மாவுச்சாக்கு.

அங்கே நிறுத்தம் கிடையாது.
ஒரு கற்குவியல்தான் உண்டு:
கலப்பைக்கு இடைஞ்சலென்று பொறுக்கிப் பொறுக்கி
யார் யாரோ கூலிக்கு அடுக்கிய கருங்கல்.
எல்லை தெரிய அடிவரிசைக்கு மட்டும் சுண்ணாம்பு.

"என்னப்பா சாக்கில்?"
"ஈரப்பலா. சித்தி வீட்டுக்கு."

ஈரப்பலா உரசினால் அந்தச் சத்தம் வராது.
காஸ்தோன் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
நான் சீட்டைக் கிழித்தேன்.
சுமை ஒன்று. ரூபாய் மூன்று.
சில்லறை சரியாகக் கொடுத்தான் பையன்.

நானும் சிவப்புதான், காக்கிச் சட்டைக்குள்.
முன்பு எங்கள் அணிக்கு எங்கள் சனத்தின் பெயர் இருந்தது.
மாற்றுங்கள் என்று சொன்னார்கள்,
ஒரு பறவையின் பெயர் வைத்தோம்.
பறவையைத்தான் கூப்பிட்டுக் கத்தினோம்;
கத்தும்போது தொண்டையில் பழைய பெயர் இருந்தது.
காஸ்தோன் பச்சை. அவனுக்கும் ஒரு பழைய பெயர் இருந்தது.
பதினாலு வருடம் ஒரே வண்டி, ஒரே ரொட்டிப் பொட்டலம்.
திங்கட்கிழமை காலை தோற்றவன் தேநீர் வாங்க வேண்டும்,
எங்களுக்குள் இருந்த சண்டை அவ்வளவுதான்.

நாங்கள் உள்ளே போகவில்லை.
வண்டியிலேயே உட்கார்ந்து வறுகடலை தின்றபடி
மைதானத்தின் இரைச்சலைக் கேட்டோம்.
கியூர்பிப் வழக்கம்போல மழையாகவும் இல்லாமல்
வெயிலாகவும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது.
அந்த மூட்டத்தில் பந்தே தெரியவில்லை என்றார்கள் பிறகு.
எண்பதாவது நிமிடப் பெனால்டி மட்டும்
எல்லோருக்கும் தெரிந்திருந்தது,
இரண்டு விதமாக.

முதலில் இரைச்சல் நின்றது.
பிறகு செருப்பில்லாமல் ஒரு பெண் ஓடி வந்தாள்.
பிறகு எல்லோரும்.

காஸ்தோன் இன்ஜினை முடுக்கினான்.
சிவப்பு, பச்சை பார்க்காமல் ஏற்றச் சொன்னான்.
நான் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
வலப்பக்கக் கண்ணாடி உடைந்த சத்தம்
எனக்குக் கேட்டது,
அவனுக்குக் கடைசியாகக் கேட்டதும் அதுதான், அந்தக் காதில்.

கல் பிரேக் மிதிக்குப் பக்கத்தில் கிடந்தது.
ஒரு முகத்தில் சுண்ணாம்பு.
எங்கள் பையன்கள் எறிந்து, அவன் பையன்கள் பொறுக்கி
திருப்பி எறிந்திருக்கிறார்கள்.
போகும்போது கட்டணம் வாங்கினேன்.
திரும்பி வரும்போது அது சீட்டு எடுக்கவில்லை.

போலீஸ் கேட்டது: யாராவது கல் ஏற்றினார்களா?
சீட்டுப் புத்தகத்தைக் காட்டினேன்.
அடிக்கட்டையில் சுமை என்றுதான் இருந்தது,
கல் என்று எழுத அதில் கட்டமே இல்லை.
காசாளர் எண்ணிப் பார்த்தார். கணக்கு சரி.
பிரகாசென் நான்கு நாள் ஸ்டேஷனில் இருந்தான்,
இப்போது ரோஸ்பெல்லில் சலூன் வைத்திருக்கிறான்.
என் தலையை அவன்தான் வெட்டுகிறான்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

காஸ்தோனுக்கு இடது காது
இன்ஜின் சூட்டிலும் உறுமலிலும் என்றோ போய்விட்டது.
வலதும் போனது கம்பெனிக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
மணி அடிப்பது பயணிகளுக்காக;
அவனுக்கு நான் தோளில் கை வைக்க வேண்டும்.
ஒரு தட்டு, நிறுத்து. இரண்டு தட்டு, போ.
பதினொரு வருடம்.
அவன் தோள் எலும்பு என் உள்ளங்கைக்கு மனப்பாடம்.

சொல்லிவிடலாம் என்று பல தடவை எழுந்து போயிருக்கிறேன்.
போன வியாழக்கிழமையும் போனேன்.
வண்டியில் நான்கே பேர், தூறல்,
அவன் உதடு படிப்பான், திரும்பினால் போதும்.
தோளில் கை வைத்தேன்.

வேகம் குறைத்தான்.
கரும்புக்காட்டோரம், நிறுத்தமே இல்லாத இடத்தில்
வண்டியை ஒதுக்கிக் கதவைத் திறந்தான்.
காத்திருந்தான்.

யாரும் இறங்கவில்லை.
இரண்டு தட்டு தட்டினேன்.