ஒரு பக்கம் தேய்ந்தது

அமரில்லோவில், வெர்னனின் அடகுக்கடையில்
கண்ணாடிக்கு அடியில் கிடந்தது.
அவ்வளவு சின்னது. பிடித்துப் பார்த்தால்
சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமில்லை.
விலைச்சீட்டில் பென்சில் எழுத்து:
ஒரே கை. பெட்டி இல்லை.

பெட்டி இருந்தால் சேகரிப்பவர்கள்
இருநூறு டாலர் கூடவே தருவார்களாம்.
எனக்கெதற்குப் பெட்டி?
இரவு பதினொன்றிலிருந்து விடியும்வரை
நாற்பதாம் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில்
நானே ஒரு பெட்டிக்குள்தான்.

வலப்பக்கம் மயில் கழுத்து நீலம்,
நேற்று வாங்கியது போல.
திருப்பினார். இடப்பக்கம்
வெளுத்துப்போன இரும்பு.
முப்பத்தொரு வருஷம் ஒரே பாக்கெட்,
ஒரே தொடை தின்ற நீலம்.

குழலுக்குள் டார்ச் அடித்தார்.
உள்ளே புரிகள் கூர் மழுங்கவில்லை.
'சுட்டதே இல்லை' என்றார் பெருமையாக.
குழல்வாயில் கொஞ்சம் பஞ்சு,
சாம்பல் நிறம், கால்சட்டைப் பஞ்சு.
ஊதிவிட்டார்.

கைராசியை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது?
'லக்கி மேனா?' என்றேன்.
'இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்' என்றார்.
அவர் மனைவி இதைக் கொண்டுவந்த அன்றே
இரண்டு தொப்பிகளையும் விற்றுப் போனாளாம்.

படிவத்தில்
மங்கையர்க்கரசி தாமோதரன்
கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.
தப்பியோடி வந்தவரா, என்றொரு கேள்வி.
எதிலிருந்து என்று கேட்கவில்லை.
இல்லை என்று குறித்தேன்.
பதில் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

மூன்று நாளும் அந்த ஏஜெண்ட்டைத்தான் நினைத்தேன்.
சர்ச்சில், பேங்க் வரிசையில்,
யாரோ ஒருவர் கல்யாணத்தில் கேக் வெட்டும்போது
கொஞ்சம் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார்.
ஒன்றும் நடக்கவில்லை.
மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காதது மட்டுமே உரசி உரசி
எஃகைத் தின்றிருக்கிறது.

வாங்கிவிட்டேன்.

இரண்டாம் வாரம், மணி மூன்றேகால்.
பனியோடு உள்ளே வந்தான் ஒரு பையன்.
காப்பியை ஊற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டு
ஜாக்கெட்டுக்குள் கை விட்டான்.
நானும் விட்டேன்.

அவன் எடுத்தது சில்லறை.
செம்புக்காசு, ஒரு கைப்பிடி.
ஒன்றிரண்டு உருண்டு கீழே போயின.
நான் பீச்சாங்கைக்காரி.
அந்தக் கையை வெளியே எடுக்காமல்
பழகாத வலக்கையால் எண்ணினேன்.
நாற்பது. நாற்பத்தொன்று. தப்பிவிட்டது.
மறுபடி ஒன்றிலிருந்து.

அவன் காசைப் பார்க்கவில்லை.
மெதுவாக
தன் இரண்டு கைகளையும்
கவுண்டர் மேல் விரித்து வைத்தான்,
யாரோ எப்போதோ
சொல்லிக்கொடுத்திருந்ததுபோல.

நகத்தில் அழுக்கு. மணிக்கட்டில்
ஆஸ்பத்திரிக் காகிதப்பட்டை.

'போதும், சரியாயிருக்கு' என்றேன்.
எண்ணி முடிக்கவேயில்லை.
அவன் போய்விட்டான்.
மூடி போடாத காப்பி அங்கேயே
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழைய டூத் பிரஷ்ஷால்
அதைத் துடைத்தேன்.
குழல்வாயில் பஞ்சு. இந்தமுறை பச்சை,
என் யூனிஃபார்ம் நிறம்.
வலப்பக்கம் விளிம்பில்,
மயில் கழுத்து நீலத்தில்,
கடுகளவு ஒரு வெள்ளை.

விரலால் தேய்த்துப் பார்த்தேன்.
அழுக்கில்லை. போகவில்லை.