உரிமையாளர் விபரம்: 1990 – 2003

உங்கள் கடிதம் கிடைத்தது.
அடிச்சட்டகத்தின் இலக்கமும் இயந்திரத்தின் இலக்கமும்
தூரின் நகரத்தில் ஒரே நாளில் பதிந்தவை என்று
பழைய பேரேட்டில் பார்த்துவிட்டீர்கள். சந்தோஷம்.
நிறம் மட்டும் பிழை.
அவர்கள் அடித்தது சாம்பல்,
இப்போதிருப்பது தோணிக்கு அடிக்கிற நீலம்.
அதைப் பொறுப்பீர்களாம்.
பொறுக்க முடியாதது
வாகனப் புத்தகத்தில் பதின்மூன்று வருடம்
ஒரு பெயரும் இல்லாதது.

நான் வங்கியில் கணக்குப் பார்ப்பவள்.
வெற்றுக் கட்டம் எனக்கும் கண்ணைக் குத்தும்.

முதற்பெயரில் சிக்கலில்லை.
கல்லோயாத் திட்டத்துக்கு வந்த பொறியியலாளர்,
லான்சியாவைக் கப்பலில் இறக்கினவர்.
இங்கினியாகலையில் யானை வழிமறித்த இரவு
விளக்கை அணைத்துவிட்டு
விடியும்வரை உள்ளேயே இருந்தாராம்.
போகும்போது விற்றார்.

அடுத்தவர் கதிராமப்போடியார்.
படுவான்கரையில் நூற்றிருபது ஏக்கர்.
இருவர் மட்டும் ஏறும் பந்தயக் காரில்
பக்கத்து இருக்கைக்கு அவர் ஏற்றியது விதைநெல் மூடை.
வயல்வழியில் வண்டி வயிறு தட்டி நிற்க
எருமை பூட்டி இழுத்ததை
கொக்கட்டிச்சோலையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.
இலக்கத்தகட்டுச் சிங்கள ஸ்ரீயில் தார் பூசியது
அவர் காலத்தில். அவர் சுரண்டவில்லை.
நானும் சுரண்டவில்லை. தார் அசல்.

பிறகு என் அப்பா, டிரெவர் செல்லர்,
புளியந்தீவில் கராஜ்.
போடியார் கொடுக்காத கூலிக்குப் பதிலாக வந்த கார்.
எங்கள் பறங்கி ஆட்கள்
அவுஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்,
அப்பா போகவில்லை.
காரை ஆரிடம் விட்டுப்போவது என்றாராம்.

சரி, தொண்ணூறு.
வாகனங்கள் பறிபோன ஜூன் மாதம்.
பறித்தது யாரென்று கேட்காதீர்கள்.
துவக்கு வைத்திருந்த எல்லோரும்.
ஒரே இரவில் அப்பா ஆணி ஆணியாய்க் கழற்றினார்.
"முழுசா இரிந்தாத்தானே கார் எண்டு கேப்பானுகள்.
துண்டு துண்டா இரிந்தா தகரம்."

இயந்திரம் சம்மாந்துறைக்கு,
ஆதம்லெவ்வையின் அரிசி ஆலைக்கு.
நீங்கள் மெச்சுகிற அந்த இலக்கம்
பல போகம் நெல் குற்றியிருக்கிறது.
ஒரு கதவு கோழிக்கூட்டுக்கு.
இருக்கைகள் கல்லடியில் ஒரு சலூனுக்கு.
இத்தாலித் தோலில் சாய்ந்து தலைமயிர் வெட்டினவர்களில்
இந்தக் காரைத் தேடித் திரிந்த அதிகாரியும் ஒருவர்.
அலுமினிய முன்மூடி சாக்குக்குள்,
மண்முனைத் துறையில் பாதையேறிப் போனது.
சென்றியில் கேட்டதற்கு, கிணற்று மூடி என்றார்.

சமாதானம் என்று சொன்ன காலத்தில்
ஒவ்வொன்றாய்த் திரும்பின.
இயந்திரத்தோடு ஆதம்லெவ்வை
அரை மூடை சம்பா அனுப்பினார், வாடகையாம்.
கதவில் கோழி எச்சம், அப்பா கழுவக் கழுவப் போகவில்லை.

வராதது ஒன்று.
பின்பார்க்கும் கண்ணாடி.

போன கிழமை முனைக்காட்டுக்குப் போனேன்,
மயிலிப்பிள்ளை வீட்டுக்கு.
உங்கள் விலையில் கால்வாசியை
அந்தக் கண்ணாடிக்கு மட்டும் சொன்னேன்.
அவ தையல் மெசினில் இருந்தா,
வாசலுக்கு முதுகு காட்டி.
எதிர்ச்சுவரில் ஆணி, ஆணியில் கண்ணாடி,
கண்ணாடிக்குள் வாசல்.

"முந்தி, ஆரு வாறானுகள் எண்டு
இதுக்குள்ளதான் கா பாத்த.
இப்ப, அவன் வாறானா எண்டு பாக்கன்.
மறுகா என்னகா, தேத்தண்ணி குடிச்சிற்றுப் போ."

ஆகவே, ஐயா,
பதின்மூன்று வருடத்துக்கும் உரிமையாளர் பதினொரு பேர்.
கையொப்பம் வாங்கக்கூடியவர்கள் இப்போது ஏழு.
கார் கண்ணாடி இல்லாமல்தான் வரும்.
அதற்கு எவ்வளவு கழிக்கலாம் என்று
நீங்களே எழுதுங்கள்.
நானும் போட்டுப் பார்த்தேன்.
எனக்குத் தொகை வரவில்லை.