மொத்த இழப்பு

ஜெலுத்தோங் பட்டறையில்
மூக்கில்லாமல் நிற்கிறது ஒரு மைவி.
என்னிடம் படிவம், கேமரா, அளவு நாடா.
பக்கத்தில் உரிமையாளர் சற்குணன்,
ஒரு கையால் நெஞ்சைத் தாங்கியபடி.

"மைலோ டின், மேடம்.
எங்கப்பாவோட பழைய டட்சன் மோதியிருந்தா
அந்த லாரிக்குத்தான் அடி."

பதினோரு வருடமாகக் கேட்கும் வசனம்.
நசுங்காத டட்சன்களையும் பார்த்திருக்கிறேன்,
அலுவலகத்தின் பழைய கோப்புகளில்.
படத்தில் வண்டி நன்றாகத்தான் இருக்கும்.
உரிமையாளர் கையெழுத்திட வேண்டிய இடத்தில்
வாரிசின் கையெழுத்து.

நாடாவை இழுக்கிறேன்.
பம்பர் இருந்த இடத்திலிருந்து
இப்போது கிடக்கும் இடம் வரை
ஐம்பது சென்டிமீட்டர்.
பூக்காரி அளந்தால் ஒரு முழம்,
கை நீளமுள்ளவளாக இருந்தால்.

அறுபதில்தான் வந்தேன் என்கிறார்.
எழுபத்திரண்டு என்கிறது
காற்றுப்பையின் கறுப்புப் பெட்டி.
பன்னிரண்டுதானே என்று தோன்றும்.
வேகமோ தன்னைத் தானே பெருக்கிக்கொண்டுதான்
கணக்குக்கு வரும், செட்டி வட்டி மாதிரி:
பன்னிரண்டு கூடியதில்
அடி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

எழுபத்திரண்டு என்றால்
ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்
ஏழாவது மாடியிலிருந்து விழுவது.
படுக்கைவாட்டில் விழுந்ததால்
விழுந்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஏழு மாடியையும்
ஒரு முழத்துக்குள் செலவழிக்க வேண்டியிருந்தது.
கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூட இல்லை.
பானெட் மடிந்து கொஞ்சம் கொடுத்தது,
அதன் அடியில் இரும்புக் கால்கள்
துருத்தி போலச் சுருங்கிக் கொஞ்சம்.
வண்டி நின்றுவிட்ட செய்தி
இருக்கைக்கு வந்து சேர்ந்தபோது
சற்குணன் இன்னும்
எழுபத்திரண்டில் போய்க்கொண்டிருந்தார்.
வார் அவரைப் பிடித்தது,
பிடித்தபடியே சற்று நெகிழ்ந்தும் கொடுத்தது.
அவர் நின்ற பிறகும் உள்ளே ஈரல்
முன்னே போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கும்.
ஒரு விபத்தில் மூன்று மோதல்கள்.
மூன்றாவதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

பின்கதவைத் திறக்கிறேன்.
எனக்கு முன்னால் வாசனை இறங்குகிறது.
நேற்று மாலை பாலிக் புலாவில் வாங்கிய
எட்டு டுரியான்கள்.
ஏழு, கால் வைக்கும் பள்ளத்தில்.
எட்டாவது
ஓட்டுநர் இருக்கையின் முதுகைக் கிழித்துக்கொண்டு
அங்கேயே குடியேறிவிட்டது.
அதற்கு யாரும் வார் மாட்டவில்லை.
இரண்டு கிலோ, ஏழு மாடி.
ஓர் அடி இடப்பக்கம் இருந்திருந்தால்
இரண்டு இருக்கைக்கும் நடுவே
முன்கண்ணாடி வரை தடையில்லாத பாதை.

"நடுவுல மக உட்காருவா, வழக்கமா.
நேத்து டியூஷன்."

"பெல்ட் போடுவாளா?"

டுரியானைப் பார்க்கிறார்.
பட்டறைக்குள் யாரோ தகரம் தட்டுகிறார்கள்.
இன்னும் டுரியானைத்தான் பார்க்கிறார்.

பிறகு, இதுக்கும் கிளைம் உண்டா என்று
சட்டைப் பொத்தானை அவிழ்க்கிறார்.
வலத்தோளிலிருந்து இடுப்பின் இடப்பக்கம் வரை
கருநீலத்தில் ஒரு பட்டை.
திதி கொடுப்பவர்கள்
தோள் மாற்றிப் போடும் பூணூல் அப்படித்தான் கிடக்கும்.
கொடுக்கிற பக்கத்தில் நிற்கிறீர்கள், ஐயா,
என்று சொல்ல நினைத்தேன்.
மருத்துவர் கடிதம் கொண்டு வாங்க என்றேன்.

படிவத்தின் கடைசி வரியில்
'மொத்த இழப்பு' என்று எழுதிக்
கையெழுத்து வாங்கினேன்.
அவருடைய கையெழுத்து.
நெஞ்சு வலியில் 'ச' கொஞ்சம் கோணல்.

பட்டறைக்கார ஆ செங்
இருக்கையிலிருந்து அந்த எட்டாவதை
ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து
மட்கார்டின் மேல் வைத்துப் பிளக்கிறான்.
ஒரு பக்கம் முள்ளெல்லாம் மழுங்கி
ஓடு உள்வாங்கியிருக்கிறது.
சுளை அப்படியே.