பதினேழாவதின் மெய்ப்பு

முதல் நாவலில் ஏழு முறை மழை பெய்தது.
யீஷூனில் தினமும்தான் பெய்கிறது;
புளோக்கின் கீழ் ஒதுங்கியவர்கள்
கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள்.
மழையை வெட்டினேன்.

வில்லனை விட்டது ஒன்பதாவதில்.
வீடு கிடைக்க நாலு வருடக் காத்திருப்பே
பிரித்துவிடும், யாரையும்.

அடித்தது ஐந்நூறு பிரதி.
முந்நூறு எங்கள் கட்டிலடியில்.

காக்கி புக்கிட் விடுதியிலிருந்து ஒரு கடிதம்:
"கல்யாணத்தோட ஏன் முடிச்சிடுறீங்க?
அதுக்கப்புறம்தான் எனக்குத் தெரியணும்."
மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை.

மெய்ப்புப் பார்ப்பவர் என் கணவர்.
முத்தங்களை முகம் மாறாமல் தாண்டுவார்,
காற்புள்ளியில் நின்றுவிடுவார்.
இன்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
சிவப்பு மையில்:
"'கை பிடித்தான்'. நடுவில் 'ப்' போட்டால்
கல்யாணமாகிவிடும். போடவா?"

போடுங்கள் என்றேன்.
இன்னும் நூறு பக்கம் இருக்கிறது.